இறுகிய போல்ட்டும் கோட்டையின் தாழ்ப்பாளும்





இந்த வாரத் தியானத்திற்கு நீதிமொழிகள் 18ஆம் அதிகாரம் 19ஆம் வசனத்தைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். மனம் புண்பட்ட உடன்பிறப்பைத் திரும்பப் பெறுவது, மதில் சூழ்ந்த நகரத்தைப் பிடிப்பதைவிடக் கடினம் என்று ஞானி அங்கே சொல்லுகிறார். சகோதரருக்குள் எழும் வழக்குகளை அவர் கோட்டைக் கதவின் தாழ்ப்பாளுக்கு ஒப்பிடுகிறார். ஆரணியில் குடியிருக்கும் நமக்கு இது விளங்காத உவமை அல்ல. நம்முடையது கோட்டை கண்ட ஊர். 1751ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 3ஆம் தேதி ராபர்ட் கிளைவின் படையும், பிரெஞ்சுக்காரரின் துணையோடு வந்த ராசா சாகிபின் படையும் இதே ஊருக்கருகே மோதின. அந்தச் சண்டை ஒரு நாளில் தீர்ந்துவிட்டது. நம்முடைய தெருக்களிலோ, ஒரே சுவரைப் பங்கிட்டுக்கொண்ட இரண்டு வீடுகள் பத்து ஆண்டுகளாய்ப் பேசாமலிருப்பதை நீங்களும் அறிவீர்கள், நானும் அறிவேன்.

அந்தத் தாழ்ப்பாளைப்பற்றி நான் பலமுறை பிரசங்கித்திருக்கிறேன். அதன் இரும்பு எப்படிப்பட்டது என்பதைச் சென்ற மாதம் ஒரு வீட்டு முற்றத்தில் கிட்ட நின்று பார்த்தேன். பட்டறையிலே வேதபாடம் கற்பது நமக்குப் புதிதல்ல. ஆற்காட்டு மிஷனார் இதே ஆரணியில் தொழிற்பள்ளி நடத்தியவர்கள். நம் ஆண்டவரும் தச்சுப்பட்டறையில் வளர்ந்தவர்.

நமது சபையில் ஓர் அண்ணனும் தம்பியும் உண்டு. இருவரும் சம்மதித்தபடியால் இதை எழுதுகிறேன். பெயரும் தெருவும் வேண்டாம். அண்ணனிடம் பழைய கார் ஒன்று இருக்கிறது. தறியிலிருந்து இறங்கும் சேலைகளை அவர் அதில்தான் காஞ்சிபுரத்துக் கடைகளுக்குக் கொண்டுபோகிறார். அதன் எஞ்சினின் முன்பக்கம் எண்ணெய் கசியத் தொடங்கிற்று. கிராங்க் ஷாஃப்ட்டின் நுனியைச் சுற்றியுள்ள ஆயில் சீல் தேய்ந்துபோயிருந்தது. புதிய சீலின் விலை சொற்பம். ஆனால் அதைத் தொடுவதற்குமுன் பெல்ட் ஓடும் புல்லியைக் கழற்ற வேண்டும். புல்லியின் நடுவே ஒரே ஒரு போல்ட். முகூர்த்த மாதம் வருமுன் வண்டி ஓடவேண்டும் என்று அவர் தாமே கழற்ற உட்கார்ந்தார். போல்ட் இம்மியும் அசையவில்லை.

அந்தப் போல்ட் ஏன் அவ்வளவு இறுக்கம் என்று தறியில் அமர்ந்திருக்கும் தாய்மார் கேட்கக்கூடும். எஞ்சின் சுழலும்போதெல்லாம் அந்தப் புல்லியும் நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கான முறை சுழல்கிறது. அது கழன்றுவிட்டால் எஞ்சினே கெடும். ஆகவே தயாரிப்பாளர் அதை மிகுந்த விசையோடு இறுக்கிவிடுகிறார்கள். ஹோண்டாவின் சில வி6 எஞ்சின்களில் அந்த அளவு 245 நியூட்டன் மீட்டர். ஒரு மீட்டர் நீளக் கம்பியைப் போல்ட்டில் மாட்டி, அதன் மறுநுனியில் நம் ஊர் அரிசி 25 கிலோ மூட்டை ஒன்றைத் தொங்கவிட்டால் எவ்வளவு பாரமோ அவ்வளவு. இதில் வியப்பான கணக்கு ஒன்று உண்டு. நாம் ஸ்பேனரில் கொடுக்கும் விசையில் ஏறத்தாழப் பாதி, போல்ட்டின் தலைக்கு அடியிலுள்ள உராய்வுக்கே போய்விடுகிறது. இன்னொரு பெரும்பங்கை மரைகளின் உராய்வு எடுத்துக்கொள்கிறது. பத்தில் ஒரு பங்கு மாத்திரமே போல்ட்டைச் சற்றே நீட்டி, வில்லைப்போல இழுத்துப்பிடிக்கச் செய்கிறது. அந்த நீட்சிதான் புல்லியைப் பிடித்திருக்கிறது. ஆண்டுகள் செல்லச்செல்லத் துருவும் சேர்ந்துகொள்ளும். இரும்பு துருவாய் மாறும்போது முன்னிருந்ததைவிட அதிக இடத்தை அடைத்துக்கொள்வதால், மரைக்குள் ஆப்பு அடித்ததுபோல் ஆகிவிடுகிறது.

ஆகவே அந்தப் போல்ட் கெட்டுப்போனதால் இறுகவில்லை. தனக்குக் கொடுக்கப்பட்ட வேலையை அது பல ஆண்டுகள் உண்மையாய்ச் செய்தது. சபையாரே, இதைச் சற்று யோசியுங்கள். நம் வீடுகளில் கல்லாய் இறுகிப்போன மனிதர் அநேகர், ஒரு காலத்தில் குடும்பத்தையே தாங்கிப்பிடித்தவர்கள். தகப்பன் இல்லாத வீட்டில் தறியை நிறுத்தாமல் ஓட்டியவர்கள், தங்கைகளைக் கரையேற்றியவர்கள். அன்று தேவைப்பட்ட அதே உறுதிதான் இன்று ஒருவரோடும் ஒட்டாத கடினமாய் நிற்கிறது. அவரைக் கல்நெஞ்சர் என்று பேசுமுன், யாருக்காக அவர் அப்படி இறுகினார் என்று கேட்பது நியாயம்.

அண்ணன் முதலில் ஸ்பேனரின்மேல் நீண்ட இரும்புக் குழாயைச் செருகினார். குழாய் நீளநீள விசை பெருகும் என்பது உண்மை. அளவு மீறினால் போல்ட்டின் தலை முறிந்து, தண்டு ஷாஃப்ட்டுக்குள்ளேயே தங்கிவிடும் என்பதும் உண்மை. பிறகு சில நூறு ரூபாய் வேலை, எஞ்சினையே இறக்கும் வேலையாகிவிடும். பட்டு நூலில் சிக்கல் விழுந்தால் உங்களில் ஒருவராவது அதைப் பிடித்து இழுப்பீர்களா? பிரசங்கி 10:10இல் மழுங்கின இரும்பைக்குறித்து எழுதியிருப்பதைப் பாருங்கள். கருவியைத் தீட்டாதவன் பலத்தைக் கூட்டவேண்டியிருக்கும் என்றும், காரியத்தை நடத்துவது ஞானமே என்றும் அங்கே காண்கிறோம். நம் குடும்பப் பஞ்சாயத்துகளில் பெரும்பாலும் நடப்பது குழாயை நீட்டுவதுதான். மாமாவைக் கூப்பிடு, ஊர்ப் பெரியவரைக் கூப்பிடு, வக்கீலைக் கூப்பிடு. போதகரைக்கூட அப்படித்தான் கூப்பிடுகிறார்கள்!

அவருக்கு வேறொரு சங்கடமும் இருந்தது. போல்ட்டைத் திருப்பினால் போல்ட் கழலாமல் எஞ்சின் முழுவதும் கூடவே சுழன்றது. எதிர்ப்பக்கத்தை ஒருவர் அசையாமல் பிடிக்கவேண்டும். வண்டியை மேல் கியரில் போட்டு, ஓட்டுநர் இருக்கையில் ஒருவர் அமர்ந்து பிரேக்கை முழுப்பலத்தோடும் மிதித்திருந்தால்தான், கொடுக்கும் விசை போல்ட்டுக்குப் போய்ச்சேரும். ஸ்டார்ட்டரைச் சுழற்றியே போல்ட்டைக் கழற்றும் குறுக்குவழி ஒன்றையும் சிலர் சொல்லுவார்கள். கம்பி எகிறிக் கையை முறித்துவிடக்கூடிய அந்த வழியை நான் யாருக்கும் சொல்லமாட்டேன். அந்த வீட்டிலோ மிதிக்க ஆள் இல்லை. மகன் வெளியூரில் படிக்கிறான். அடுத்த கதவில் தம்பி இருந்தார். தறிகளையும் வீட்டையும் பாகம் பிரித்த நாளிலிருந்து, நான்கு ஆண்டுகளாக, இருவருக்கும் பேச்சில்லை. அவர்களுடைய தாயார் யாரிடமும் கேளாமல் போய்த் தம்பியை அழைத்துவந்தார்.

அன்று போல்ட் கழலவில்லை. துருவை இளக்கும் எண்ணெயைத் தலையைச் சுற்றிச் சில துளிகள் விட்டு, சுத்தியால் மெல்லத் தட்டிவிட்டு விட்டுவிட்டார்கள். எண்ணெய் தானாய் ஊறி உள்ளே இறங்குவதற்கு நேரம் வேண்டும். அதை அவசரப்படுத்த வழியில்லை. மறுநாள் மாலையும் அப்படியே. மூன்றாம் மாலை நான் அங்கே போயிருந்தேன். டார்ச் விளக்கைப் பிடிப்பது என் ஊழியமாயிற்று. தம்பி இருக்கையில் அமர்ந்தார். “அண்ணா, மிதிக்கட்டுமா?” என்றார். “கொஞ்சம் இரு... இப்ப மிதி” என்றார் அண்ணன். “டக்” என்று துப்பாக்கி வெடித்ததுபோல ஒரு சத்தம். தாயார் பயந்து எழுந்துவிட்டார்கள். போல்ட் முறியவில்லை; இளகியிருந்தது. அதற்குப்பின் அது விரலாலேயே சுழன்று வந்தது.

அண்ணனும் தம்பியும் கட்டித்தழுவினார்கள் என்று எழுத எனக்கு ஆசைதான். அப்படி நடக்கவில்லை. அவர்கள் பேசியது போல்ட்டைப்பற்றி மாத்திரம். தம்பி தேநீர்கூட அருந்தாமல் வீட்டுக்குப் போனார். ஆனால் நான்கு ஆண்டுகளுக்குப்பின் “அண்ணா” என்ற சொல்லை அந்த முற்றம் கேட்டது. தாயார் அதை என்னிடம் மூன்றுமுறை சொல்லிவிட்டார்கள்.

காலத்தைக்குறித்து ஒரு வார்த்தை. துருவுக்கும் காலம் வேண்டும், எண்ணெய்க்கும் காலம் வேண்டும். காலம் எல்லாவற்றையும் ஆற்றிவிடும் என்று சொல்லிக்கொண்டு சும்மா இருப்பவர்கள் துருவுக்கே உதவிசெய்கிறார்கள். கோபத்தைச் சூரியன் மறையுமட்டும் வைத்திருக்கவேண்டாம் என்று எபேசியருக்குப் பவுல் எழுதியது அதனால்தான். ஒரு துளி விட்டுவிட்டுக் காத்திருப்பது வேறு காரியம். பண்டிகைக்கு ஒரு தட்டுப் பலகாரம் அனுப்புவது, பிள்ளையின் தேர்வு முடிவை விசாரிப்பது, மருத்துவமனையில் போய் நிற்பது, இவையெல்லாம் துளிகள். முதல் துளிக்கே பலன் தேடாதிருங்கள்.

திருப்பும் திசையும் முக்கியம். மிதிவண்டியின் இடது பெடலில் மரை எதிர்த்திசையில் வெட்டப்பட்டிருக்கிறது. மிதிக்க மிதிக்கக் கழன்றுபோகாதிருக்க அப்படி அமைத்திருக்கிறார்கள். இதை அறியாதவர் வழக்கம்போலத் திருப்புவார். எவ்வளவு பலம் கொடுக்கிறாரோ அவ்வளவு இறுகும். சில மனிதரிடம் நியாயத்தை விளக்க விளக்க அவர்கள் இன்னும் இறுகுவதைப் பார்த்திருக்கிறீர்கள் அல்லவா? அவர்களுக்கு விளக்கம் கொடுப்பதை நிறுத்தி, அவர்கள் சொல்லுவதை ஒருமுறை கடைசிவரை கேளுங்கள்.

மத்தேயு 18ஆம் அதிகாரத்தில் ஆண்டவர் கொடுத்த ஒழுங்கையும் இதனோடு வாசியுங்கள். முதலாவது தனியே போகவேண்டும். அவன் கேளாவிட்டால்தான் இன்னும் ஓரிருவரைக் கூட்டிக்கொண்டு போகவேண்டும். அந்த ஓரிருவர் எதற்கு? சாட்சிக்கு என்று அங்கே காண்கிறோம். குழாயை நீட்டுவதற்கு அல்ல. பிரேக்கை மிதித்துக்கொண்டு, எதிர்ப்பக்கம் சுழன்றுபோகாமல் பார்த்துக்கொள்ளுவதற்கு என்று நான் புரிந்துகொள்ளுகிறேன்.

புதிய சீல் பொருத்தப்பட்டது. போல்ட்டை மறுபடியும் இறுக்கும் நாளில் தம்பி அழைக்காமலே வந்தாராம். அதைத் தளர்வாய் விட்டால் புல்லி ஆடும். புல்லிக்கும் ஷாஃப்ட்டுக்கும் நடுவே இருக்கும் சிறிய இரும்புக் கட்டை நசுங்கி, ஷாஃப்ட்டின் பள்ளமும் அகன்றுபோகும். ஆகவே டார்க் ரெஞ்ச் என்னும் அளவுக் கருவியை இரவல் வாங்கி, வண்டியின் கையேட்டில் கண்ட அளவுக்கே இறுக்கினார்கள். பாகப்பத்திரத்தில் இன்னும் ஒரு சிறு நிலத்தின் எல்லை தீராமலிருக்கிறது. அதையும் எழுத்தில் அளந்து முடித்துக்கொள்ளும்படி இருவரிடமும் சொல்லியிருக்கிறேன்; மன்னித்துவிட்டோம் என்று அதை அப்படியே விட்டுவிடக்கூடாது என்பது என் எண்ணம்.

வருகிற ஞாயிறு திருவிருந்து ஆராதனை. அதற்குமுன் ஒரு வாசற்படி ஏறவேண்டியவர்கள் இந்தச் சபையில் இருக்கிறார்கள். தனியே போய்ப் பார்த்து முடியாமல் திரும்பியிருந்தால், பிரேக்கை மிதிக்க ஒருவர் தேவைப்பட்டால், வெள்ளிக்கிழமை மாலை ஆறு மணிக்குமேல் நான் போதகர் இல்லத்தில் இருப்பேன்.