நகரி மலைக் கல்லும் அடிவார நிலமும்

“எங்கள் நிலத்துக்கு மேலே தெரியும் மலை கருங்கல்தானா? அடிவாரத்தில் போர் போடலாமா?” என்று பள்ளிப்பட்டுப் பக்கத்து வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்.

முழுவதும் கருங்கல் அல்ல. திருத்தணியிலிருந்து புத்தூர் போகும் பஸ்ஸில், நகரியை நெருங்கும்போது ஜன்னல் வழியே பாருங்கள். மலையின் கீழ்ப்பகுதி சரிவாக, உருண்டைப் பாறைகளோடு இருக்கும். அது கிரானைட், கருங்கல் இனம். அதன் தலையில் மதில் கட்டியதுபோல அடுக்கடுக்காகச் செங்குத்தாக நிற்பதுதான் குவார்ட்சைட். பழங்கால மணல் படிந்து இறுகி, மணிகளுக்கு இடையே சிலிக்காவே பசையாகி, ஒரே கல்லானது. நம் வயலில் கிடக்கும் வெங்கச்சங்கல்லும் இதே சரக்குதான். பேனாக்கத்தியால் கீறினால் கோடு விழாது.

ஒரு பாறைப் படிவு எங்கே நன்றாகத் தெரிகிறதோ அந்த ஊரின் பெயரையே அதற்கு வைப்பது புவியியலார் வழக்கம். கடப்பைப் பாறைகளை ஆராய்ந்து வில்லியம் கிங் 1872-ல் எழுதிய காலந்தொட்டே இது ‘நகரி குவார்ட்சைட்’. கடலில் வந்த மாலுமிகளுக்கும் இம்மலையின் மூக்குப் போன்ற சிகரம் அடையாளமாக இருந்தது.

திருமலையில் இருப்பதும் இதே கல். அங்குள்ள சிலாதோரணம் குவார்ட்சைட்டில் இயற்கையாக அமைந்த வளைவு. மலைப்பாதையில் கிரானைட்டும் குவார்ட்சைட்டும் தொடும் கோட்டைப் பார்க்கலாம். இரண்டுக்கும் இடையே சுமார் 80 கோடி ஆண்டு இடைவெளி. தேசியப் புவியியல் சின்னம் அது. பக்தர்கள் வண்டியில் கடந்துபோய்விடுகிறார்கள்!

இனி நிலத்துக்கு வருவோம். இந்தக் கல் கரைந்தால் மணல்தான். சுண்ணாம்போ சாம்பல் சத்தோ அதில் கிடையாது. செம்மரம் இந்த வறண்ட கல்லில் வளரும், நிலக்கடலைக்கு அது போதாது. மலைச்சரளை கலந்த வயலில் தொழுவுரம் தாராளமாக இடுங்கள். தழைச்சத்தை ஒரே தடவையில் கொட்டாமல் பிரித்துக் கொடுங்கள், இல்லாவிட்டால் மழையோடு இறங்கிவிடும்.

போர் விஷயத்தில் அவசரம் வேண்டாம். குவார்ட்சைட்டுக்குள் தண்ணீர் தேங்க இடமில்லை. வெடிப்புகளில் மட்டுமே ஓடும். வெடிப்பு தப்பினால் எத்தனை அடி இறக்கினாலும் புகைதான் வரும், துளைபோடும் பிட்டும் சீக்கிரம் தேயும். கோடையிலும் ஈரம் காயாத இடம், ஊற்றுக் கசியும் இடம் எது என்று முதலில் குறித்துவையுங்கள். பிறகு வேளாண் பொறியியல் துறையில் விண்ணப்பித்து மின்தடை ஆய்வு செய்த பின்பே வண்டியை வரச்சொல்லுங்கள்.