சி நிறைந்தால்

சென்னை நாவலூர் அடுக்ககங்களில் வீட்டிலிருந்தே வேலை பார்ப்பவர்கள் பலரின் கணினியில் இந்தக் கோலத்தைக் காணலாம். ரிச்சி தெருவில் அசெம்பிள் செய்தபோதே டிஸ்க்கைச் சி டிரைவுக்கு 100 ஜிபி, மிச்சம் டி டிரைவுக்கு என்று பார்ட்டிஷன்களாக வெட்டிக் கொடுத்திருப்பார்கள். விண்டோஸ் பருத்துச் சி-யின் பட்டை சிவந்துவிடும். டி-யில் பாதி சும்மா கிடக்கும். பார்ட்டிஷன் அளவை மாற்றினாலே ஆபத்து என்பார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. பார்ட்டிஷனின் கடைசி முனை நகர்கிறதா, தொடக்கம் நகர்கிறதா என்பதைப் பொறுத்தது அது. முனையைச் சுருக்கினால் எல்லைக்கு அப்பால் இருக்கும் கோப்புத் துண்டுகள் மட்டும் உள்ளே வரும், கணக்கு திருத்தி எழுதப்படும். விஸ்டா காலத்திலிருந்து விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்ட் கருவி இதைச் செய்கிறது. நகர்த்த முடியாத பேஜ் ஃபைல் குறுக்கே இருந்தால் அங்கேயே நின்றுவிடும். கேட்ட இடம் தரவில்லை என்று அதைத் திட்டுகிறார்கள். எனக்கு அந்தப் பிடிவாதம் பிடிக்கும்.

டி-யைச் சுருக்கினால் காலி இடம் அதன் வாலில் விழும். சி-யோ தன்னை ஒட்டி வலப்பக்கம் உள்ள இடத்தில்தான் வளரும், அதனால் அதை நீட்டும் எக்ஸ்டெண்ட் வால்யூம் கட்டளை மங்கியே கிடக்கும். அந்த இடத்தைச் சி-க்குக் கொண்டுவர டி-யின் தொடக்கத்தையே தள்ள வேண்டும். அதற்குள் இருப்பதெல்லாம் படிக்கப்பட்டு, பழைய இடத்தின் மேலேயே ஓரளவு எழுதப்படும். நடுவில் மின்சாரம் போனால் பழையதும் முழுசாக இராது, புதியதும் இராது. ஜெனரேட்டர் இருக்கிறதே என்பவர்களுக்கு: அது எடுக்கும் வரையிலான சில நொடிகள் மேசைக் கணினி அணையப் போதும். யூபிஎஸ் இல்லாமல் இதில் இறங்கவே கூடாது.

ஆகவே டி-யை வெளி டிஸ்க்கில் நகலெடுத்து, சில கோப்புகளைத் திறந்து பார்த்து, டி-யை அழித்துச் சி-யை நீட்டி, மிஞ்சிய இடத்தில் புது டி போடுவதே என் வழி. பழைய எம்பிஆர் டிஸ்க்கில் டி லாஜிக்கல் பார்ட்டிஷனாக இருந்தால் அதைச் சுற்றியுள்ள எக்ஸ்டெண்டட் பார்ட்டிஷனையும் நீக்கினால்தான் சி-க்கு அந்த இடம் தெரியும். நகலெடுக்கவும் மணிக்கணக்காகுமே என்று கேட்கலாம். ஆகும்; ஆனால் நகலெடுப்பு மூலத்தைப் படிக்க மட்டுமே செய்கிறது, அறுந்தால் மறுபடி தொடங்கலாம். ஜிபார்ட்டெட் போன்ற கருவிகள் டி-யை அலுங்காமல் நகர்த்துமே என்பது அடுத்த கேள்வி. பெரும்பாலும் நகர்த்தும்தான். ஆனால் அதற்கும் முதலில் பேக்கப் எடுக்க வேண்டும். அது கையில் இருந்தால் நகர்த்த வேண்டிய தேவையே இல்லை.

2024 ஜனவரியில் விண்டோஸ் 10 புதுப்பிப்பு ஒன்று, மீட்புப் பார்ட்டிஷனில் இடம் போதாமல் பல கணினிகளில் தோற்றது. மைக்ரோசாஃப்ட் சொன்ன கைமுறைத் தீர்விலும் இதே தர்க்கம்தான்: மீட்பு வசதியை முடக்கி, சி-யின் முனையில் 250 எம்பி சுருக்கி, பழைய மீட்புப் பார்ட்டிஷனை அழித்துப் பெரிதாகப் புதிதாக உருவாக்குவது. எதையும் தள்ளச் சொல்லவில்லை. அந்தப் பார்ட்டிஷன் சி-க்கும் டி-க்கும் இடையில் உட்கார்ந்திருந்தால், டி-யை அழித்த பிறகும் சி நீளாது என்பதை மட்டும் முன்பே பார்த்துக்கொள்ள வேண்டும். பிட்லாக்கர் குறியாக்கம் இயங்கினால் அதன் மீட்புச் சாவியை வேறிடத்தில் எழுதி வைத்துவிட்டு, பிட்லாக்கரை இடைநிறுத்துங்கள்.