இடக்கரடக்கல்

தகுதி வழக்கு நடத்தும்போது, இடக்கரடக்கலுக்கு எல்லோரும் சொல்லும் எடுத்துக்காட்டையே நானும் பல ஆண்டுகளாகச் சொல்லி வருகிறேன்: கால் கழுவி வந்தேன். வகுப்பில் ஒரு சிரிப்பு எழும். அது அடங்குவதற்குள் மங்கலத்துக்குச் சென்றுவிடுவேன்.

2022-இல் அப்பாவுக்குப் புராஸ்டேட் வீக்கத்தால் சிறுநீர் அடைத்துக்கொண்டது. அறுவை சிகிச்சையை அவருடைய இதயம் தாங்காது என்று, கதீட்டருடன் வீட்டுக்கு அனுப்பினார்கள். பை நிறைந்தால் கொட்டுங்கள் என்பதற்கு மேல் யாரும் எதுவும் சொல்லித்தரவில்லை.

பகலில் பார்த்துக்கொள்ள ஓர் இளைஞர் வந்தார். வந்ததும் அவர் கண் முதலில் சென்றது பையின் மீதுதான். தரையில் கிடந்தால் அசுத்தம் என்று நான் அதைக் கட்டிலின் மேல், அப்பாவின் காலருகே வைத்திருந்தேன்.

“மேலே வச்சா யூரின் திரும்ப உள்ளே போயிடும் சார். தரையிலயும் படக்கூடாது” என்று சொல்லி, கட்டிலின் பக்கச் சட்டத்தில் தாழ்வாக மாட்டினார்.

பையை அவர் யூரோ பேக் என்பார். குழாயை ஃபோலீஸ் என்பார். அது என் காதில் ‘போலி’ என்றே விழுந்தது. 1930-களில் இதை உருவாக்கிய அமெரிக்க மருத்துவர் பிரடெரிக் ஃபோலியின் பெயர் அது என்று பிறகுதான் தெரிந்துகொண்டேன். நன்னூலாரின் மூன்றாவது தகுதியான குழூஉக்குறி என் வீட்டுக்குள்ளேயே நடமாடிக்கொண்டிருந்தது. உள்ளே நீர் நிரப்பிய ஒரு சிறு பலூன்தான் குழாயை நழுவாமல் நிறுத்துகிறது. இழுபட்டால் உட்புறம் புண்ணாகும். அதனால் குழாயைச் சற்றுத் தளர்வு விட்டுத் தொடையில் பிளாஸ்திரியால் ஒட்டினார்.

கழுவுவதற்கு முன் கதவைச் சாத்துவார். மேலே ஒரு துண்டைப் போர்த்துவார். கை கழுவி உறை மாட்டிக்கொண்டு, “ஐயா, கழுவப் போறேன்” என்பார். சோப்பும் நீரும்தான், டெட்டால் கிடையாது. குழாயை உடலிலிருந்து வெளிப்பக்கமாகவே துடைப்பார். பின்னுக்குத் தள்ளிய முன்தோலை மறவாமல் பழையபடி இழுத்துவிடுவார். விட்டுவிட்டால் வீங்கி இறுகிக்கொள்ளுமாம். பிறகு ஒளிவுமறைவின்றிக் கேட்பார்: “மூத்திரம் போற இடத்துல எரியுதா, ஐயா?” அப்பா சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்வார். எனக்கும் கூசும். இந்தச் சொல் இல்லாமல் கேட்க முடியாதா என்று நினைத்திருக்கிறேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவருக்கு விடுமுறை. இரவு அப்பா, “வயிறு ஒரு மாதிரி இருக்கு” என்றார். ஓமத் தண்ணீர் கொடுத்தேன். விடியற்காலையில் புரண்டு புரண்டு படுத்தார். இறந்துபோன சித்தப்பாவின் பெயரைச் சொல்லி என்னை அழைத்தார். பயந்துபோய் அந்த இளைஞருக்குப் போன் செய்தேன்.

“பையில எவ்வளவு இருக்கு சார்? கடைசியா எப்பக் கொட்டினீங்க?”

எட்டு மணிக்குக் கொட்டியது. அதன்பின் ஒரு துளியும் சேரவில்லை. இரவெல்லாம் அப்பாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்த நான், பையைப் பார்க்கவில்லை.

“டியூப் மடங்கியிருக்கான்னு வேட்டியைத் தூக்கிப் பாருங்க. இல்லேன்னா உடனே ஆஸ்பத்திரிக்குப் போயிடுங்க. நீங்களா தண்ணி ஏத்திப் பாக்காதீங்க.”

அதுவரை நான் தூக்கியதில்லை. தொடைக்கு அடியில் குழாய் மடிந்து நசுங்கிக் கிடந்தது. நேராக்கியதும் விழத் தொடங்கியது. பையின் அளவுகோட்டில் 800 மில்லியைத் தாண்டிய பின்பே அப்பா கண்ணை மூடினார். வயிறு என்று அவர் சொன்னதை நான் வயிறு என்றே எடுத்துக்கொண்டிருந்தேன். வாழ்நாளெல்லாம் இலக்கணம் நடத்துகிறவன்.

காலையில் வந்த இளைஞர் என்னை ஒன்றும் சொல்லவில்லை. அப்பாவிடம் மட்டும், “மூத்திரம் வரலேன்னா வரலேன்னு சொல்லுங்க ஐயா. சார் உங்க புள்ளதானே” என்றார். இம்முறை அப்பா சுவர்ப்பக்கம் திரும்பவில்லை.

இரண்டு மாதம் கழித்து ஒரு நள்ளிரவில் என் பெயரைச் சொல்லி அழைத்தார்.

“மூத்திரம் வரலடா. டியூபைப் பாரு.”

விளக்கைப் போட்டேன். கை கழுவச் சென்றேன்.