இரவு மேய்ச்சல்

2022 ஜூலை மாதத்தில், கேம்பிரிட்ஜ் நகருக்கு அருகிலுள்ள சிற்றூர் ஒன்றில் தம்பி குடியிருந்த வீட்டில் சில வாரங்கள் ஒன்றாக இருக்கும் வாய்ப்பு எங்கள் இருவருக்கும் கிடைத்தது. அக்காளும் தம்பியுமாக நாங்கள் ஒரே கூரையின் கீழ் அத்தனை நாட்கள் சேர்ந்திருந்தது பல ஆண்டுகளுக்குப் பிறகு அப்போதுதான். வீட்டின் பின்வேலிக்கு அப்பால் ஒரு புல்வெளி. அதன் மறுகோடியில், தடித்த செங்கற்சுவரும் ஓட்டுக் கூரையுமாகப் பழைய லாயம் ஒன்று நின்றது. அறுபதைக் கடந்த அம்மையார் ஒருவர் அங்கே மூன்று குதிரைகளை வைத்திருந்தார். வயதான ஆண்குதிரை ஒன்று, கரிய பெண்குதிரை ஒன்று, கொழுத்த மட்டக்குதிரை ஒன்று.

முதல் நாளே அவருடைய வழக்கம் எங்களுக்கு விசித்திரமாகப் பட்டது. கோடையில் அங்கே ஒன்பது மணிக்கு மேல்தான் சூரியன் மறைகிறது. எட்டு மணியளவில், வெயில் தணிந்ததும், அவர் லாயத்தின் கதவுகளைத் திறந்து குதிரைகளைப் புல்வெளியில் விட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விடுவார். இரவு முழுவதும் அவை வெளியேதான். காலை எட்டு மணிக்குத் திரும்ப வந்து ஒவ்வொன்றாக உள்ளே அடைப்பார். ஊர் விழித்து நடமாடும் நேரமெல்லாம் குதிரைகள் நிழலில் அடைந்து கிடந்தன. ஊர் உறங்கும் நேரத்தில் அவை நடமாடின.

தமிழ் படித்தவர்களுக்கு மாலை என்றதும் முல்லைத் திணை நினைவுக்கு வராமல் இராது. முல்லைக்குச் சிறுபொழுதே மாலைதான். மேயப் போன ஆநிரை கன்றை நினைத்துத் தொழுவம் திரும்பும் பொழுது அது. திரும்புதல், அடைதல், கதவடைத்தல், விளக்கேற்றுதல் என்று நம் மாலை முழுவதும் உள்நோக்கியே நகர்கிறது. அந்த நேரத்தில் ஒருவர் தொழுவத்தைத் திறந்து உயிர்களை இருளுக்குள் அனுப்பியது எங்களுக்கு ஏறத்தாழ ஒரு புறக்கணிப்பாகவே தோன்றியது. மூன்றாம் நாள், வேலியோரம் நின்று அவரிடம் கேட்டே விட்டோம்.

“இரவில் அவை பயப்படாதா?”

அவர் சிரித்தார். “பயப்படுவது நாம்தான். இருட்டில் நமக்குக் கண் தெரியாது. அவற்றுக்குத் தெரியும்.”

பிறகு வந்த மாலைகளில் அவர் சொன்னவற்றையும், நாங்களாகத் தேடிப் படித்தவற்றையும் சேர்த்துப் பார்த்தபோது அந்த வழக்கத்தின் நியாயம் மெல்லப் புலப்பட்டது. குதிரையின் விழித்திரைக்குப் பின்னால் ஒளியைத் திருப்பி அனுப்பும் படலம் ஒன்றுண்டு. பூனையின் கண் இருளில் மின்னுவதும் அத்தகைய படலத்தால்தான். மங்கிய நிலவொளியும் அதற்குப் போதும். ஆனால் வெளிச்சத்திலிருந்து இருட்டுக்குப் பழக அக்கண் மனிதக் கண்ணைவிட நேரம் எடுத்துக்கொள்ளும். அதனால்தான் காலையில் வெயிலிலிருந்து லாயத்துக்குள் நுழையும் குதிரை வாசலில் சற்றுத் தயங்குகிறது. அம்மையார் அந்தத் தயக்கத்தை ஒருநாளும் அவசரப்படுத்தியதில்லை.

குதிரையின் இரைப்பை அதன் உடலளவுக்குச் சிறியது. தின்றாலும் தின்னாவிட்டாலும் அதில் அமிலம் சுரந்துகொண்டே இருக்கும். ஆகவே நாளில் 16 மணி நேரம்வரை கொஞ்சம் கொஞ்சமாக மேய்ந்துகொண்டிருப்பதே அதன் இயல்பு. 24 மணி நேரத்தில் அது உறங்குவது சுமார் 3 மணி நேரம்தான். அதையும் துண்டு துண்டாகவே உறங்குகிறது. இரவு நமக்கு உறக்கம். குதிரைக்கோ அது இன்னொரு பகல்; வெயில் இல்லாத, கடிக்கும் ஈக்கள் அடங்கிவிட்ட பகல். தோலைக் கிழித்து இரத்தம் குடிக்கும் குதிரை ஈக்கள் வெப்பமான பகல் வெளிச்சத்தில்தான் மூர்க்கமாகத் திரிகின்றன. நிழலான லாயத்துக்குள் நுழைய அவை அவ்வளவாக விரும்புவதில்லை.

மட்டக்குதிரைக்கு இன்னொரு காரணமும் இருந்தது. புல் பகலெல்லாம் வெயிலை உண்டு சர்க்கரையைச் சேர்க்கிறது. இரவில் அதைத் தன் வளர்ச்சிக்குச் செலவிடுகிறது. மாலையில் மிகுந்திருக்கும் சர்க்கரை விடியலுக்கு முன் குறைந்திருக்கும். கொழுத்த குதிரைகளுக்கு அந்தச் சர்க்கரை குளம்பினுள் அழற்சியை உண்டாக்கி நடக்க முடியாமல் செய்துவிடும். ஆகவே அம்மையார் அதை மட்டும் மற்றவற்றுக்குப் பின், நன்றாக இருட்டிய பிறகே வெளியே விட்டார். அந்தி வேளையில் மொய்க்கும் நுண்ணிய கடிபூச்சிகளும் அதற்குள் குறைந்திருக்கும். அவற்றின் கடியால் தினவெடுத்துப் பிடரி மயிரைத் தேய்த்தே உதிர்த்துக்கொள்ளும் குதிரைகள் உண்டாம்.

“இது எல்லா இடத்துக்கும் பொருந்தாது,” என்றும் அவர் சொன்னார். “என் லாயம் தகரக் கூரை போட்டதாக இருந்தால் பகலில் அடைக்கமாட்டேன். அது அடுப்பு. மரநிழலிலேயே விட்டுவிடுவேன்.”

தகரக் கூரை என்ற சொல்லைக் கேட்டதும் நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். இருவரும் ஒன்றும் பேசவில்லை.

ஜூலை 19 அன்று அந்நாட்டின் வெப்பப் பதிவுகள் உடைந்தன. லிங்கன்ஷயர் மாவட்டத்தின் கோனிங்ஸ்பியில் 40.3 டிகிரி செல்சியஸ். அதற்கு முந்தைய உச்சம், 2019 ஜூலை 25 அன்று நாங்கள் இருந்த அதே கேம்பிரிட்ஜில் பதிவான 38.7. வெப்பத்துக்கென்று சிவப்பு எச்சரிக்கை விடுக்கப்பட்டதும் அங்கே அதுவே முதல் முறை. பங்குனியையும் சித்திரையையும் பழனியில் கழித்து வளர்ந்த எங்களுக்கு நாற்பது டிகிரி புதிதன்று. ஊரார் பதறியது முதலில் எங்களுக்கு வேடிக்கையாகக்கூட இருந்தது.

மதியம் அம்மையாருக்குத் தண்ணீர் சுமக்க உதவப் போனோம். சுவரின் தடிமனால் லாயத்தின் உட்புறம் வெளியைவிடக் குளிர்ந்திருந்தது. இருபுறக் கதவுகளின் மேற்பாதி திறந்து கிடந்தது. கரிய பெண்குதிரை மரச்சீவல் பரப்பின்மேல் பக்கவாட்டில் முழுதாகப் படுத்துக் கால்களை நீட்டி உறங்கிக்கொண்டிருந்தது. நாங்கள் திடுக்கிட்டோம். ஏதோ நேர்ந்துவிட்டது என்றே நினைத்தோம். குதிரை நின்றுகொண்டே உறங்கும் என்றுதான் எங்களுக்குச் சொல்லப்பட்டிருந்தது. அது பாதி உண்மை. நின்றபடி அது கண்ணயரும். ஆழ்ந்த கனவுத் தூக்கத்துக்குப் படுத்தாக வேண்டும். அச்சமில்லாத இடத்தில் மட்டுமே அது படுக்கும்.

அம்மையார் வயதான குதிரையின் மார்பிலும் கழுத்திலும் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். கை ஈரமாயிற்று. நிம்மதியோடு சொன்னார்: “வியர்க்கிறது. வியர்வை நின்றுபோனால்தான் பயப்பட வேண்டும்.”

அந்த ஒரு வாக்கியம் எங்களை முப்பத்திரண்டு ஆண்டுகள் பின்னால் இழுத்துச் சென்றது.

அப்பா பழனியில் குதிரைவண்டி ஓட்டினார். எங்களிடம் செவலை என்றொரு பெண்குதிரை இருந்தது. நிறமே அதற்குப் பெயராயிற்று. விடியற்காலை முதல் பேருந்துக்குப் புறப்பட்டால், அடிவாரத்துக்கும் பேருந்து நிலையத்துக்குமாக ஓடி இரவு வீடு திரும்பும். பங்குனி உத்திரக் காலத்தில், கொடுமுடித் தீர்த்தம் சுமந்து காவடிகள் வந்து குவியும் நாட்களில், மதியத்தையும் விடமுடியாது. ஆண்டின் கடனை அடைக்கும் நாட்கள் அவை. மற்ற வண்டிக் குதிரைகளுக்குச் சேணத்தின் விளிம்பில் வியர்வை சோப்பு நுரை போல வெளுத்து நிற்கும். செவலையின் தோல் மட்டும் உலர்ந்தே இருக்கும். “எங்க செவலைக்கு வேர்க்கவே வேர்க்காது” என்று தெருப் பிள்ளைகளிடம் நாங்கள் பெருமையடித்துக்கொண்டோம். வண்டிப்பேட்டையில் அப்பாவும் அதைச் சொல்லக் கேட்டிருக்கிறோம்.

இரவில் தகரக் கொட்டிலில் அடைத்து, திருட்டுக்கும் தெருநாய்க்கும் அஞ்சிப் பித்தளைப் பூட்டைப் போடுவார் அப்பா. நள்ளிரவில் செவலை பலகையை உதைக்கும். அப்பத்தா திருவிளையாடல் கதையைச் சொல்லி எங்களை மிரட்டுவாள். பாண்டியனின் பந்தியில் கட்டிய பரிகளெல்லாம் இரவில் நரிகளாக மாறி ஓடிய கதை. “நரியாகப் பார்க்குது, கண்ணை மூடிப் படுங்க” என்பாள். இருட்டுக்குப் பயந்துதான் செவலை உதைக்கிறது என்று முடிவு கட்டி, நாங்கள் ஒரு அரிக்கேன் விளக்கைக் கொட்டிலில் தொங்கவிட்டோம். எங்கள் அன்பு அந்த அளவில்தான் இருந்தது. அது எங்களைப் போன்ற உயிர் என்று நம்பி, எங்கள் அச்சத்தை அதற்கும் கொடுத்தோம்.

1990 சித்திரையில் ஒரு பிற்பகல், அடிவாரத்துக்குப் போகும் வழியில், செவலை நாசி விரிந்து இரைத்தபடி நின்றுவிட்டது. வண்டியிலிருந்து அவிழ்த்ததும் படுத்தது. குடம் குடமாகத் தண்ணீர் கொண்டுபோய் ஊற்றினோம். தொட்ட கை சுட்டது. தோல் அப்போதும் உலர்ந்தே இருந்தது. பொழுது சாய்வதற்குள் எல்லாம் முடிந்தது.

வெப்ப நாடுகளில் சில குதிரைகளுக்கு வியர்க்கும் ஆற்றலே அற்றுப்போவதுண்டு. உடல் தன்னைக் குளிர்வித்துக்கொள்ள வழியின்றி இரைக்கும்; உள்வெப்பம் ஏறிக்கொண்டே போகும். இங்கிலாந்திலிருந்து இந்தியாவுக்கு வந்த குதிரைகளிடம் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே இது கவனிக்கப்பட்டிருக்கிறது. செவலைக்கு இருந்தது இதுதான் என்று எந்த மருத்துவரும் சொன்னதில்லை. காட்ட எங்களுக்கு மருத்துவரும் இல்லை. ஆனால் குறிகள் ஒவ்வொன்றும் பொருந்துகின்றன. நாங்கள் பெருமையாகச் சொல்லித் திரிந்தது அதன் நோயை.

இதில் நாங்கள் தனியரல்லர் என்று ஆறுதல் கொள்ளலாம். கடல்வழி வந்திறங்கிய குதிரைகளைப் பட்டினப்பாலை பேசுகிறது. பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டைக் கண்ட மார்க்கோ போலோ, ஆயிரக்கணக்கில் வாங்கப்பட்ட குதிரைகளில் ஆண்டு முடிவில் நூறுகூட எஞ்சுவதில்லை என்றும், பேணத் தெரியாமையே காரணம் என்றும் எழுதினார். சோற்றோடு இறைச்சியை வேகவைத்துக் குதிரைக்குக் கொடுத்ததாகவும் சொல்கிறார். தனக்கு எது விருந்தோ அதையே குதிரைக்கும் படைத்திருக்கிறான் மனிதன். எங்கள் அரிக்கேன் விளக்கும் அதே வகைதான்.

ஆனால் அறியாமை ஒன்றையே குற்றம் சொல்வதும் நேர்மையாகாது. வண்டி இழுக்கும் விலங்குகளுக்காக இந்திய அரசு 1965ஆம் ஆண்டிலேயே விதிகள் வகுத்திருக்கிறது. ஒரு நாளில் 9 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது. ஓய்வின்றித் தொடர்ந்து 5 மணி நேரத்துக்கு மேல் கூடாது. வெப்பம் 37 டிகிரியைத் தாண்டும் இடங்களில் பகல் 12 மணி முதல் 3 மணி வரை பூட்டவே கூடாது. செவலை இறந்தபோது அவ்விதிகளுக்கு 25 வயது. எங்கள் தெருவில் எவரும் அவற்றைக் கேள்விப்பட்டதில்லை. அப்பா கேள்விப்பட்டிருந்தால்தான் என்ன செய்திருப்பார்? காவடிக் கூட்டம் மதியத்தில் வந்தது. வட்டிக்காரர் மாலையில் வந்தார். இரவு மேய்ச்சலுக்குத் திறந்துவிட எங்களுக்கு ஒரு முழ நிலமும் கிடையாது. அம்மையாரின் கருணைக்குப் பின்னால் அறிவு இருந்தது. அந்த அறிவுக்குக் கீழே வேலியிட்ட நிலம் இருந்தது. இதை எழுதாமல் விட்டால் அப்பாவுக்கு நாங்கள் செய்யும் அநீதியாகிவிடும்.

எனவே அவரிடம் வியர்வையைப் பற்றிச் சொல்வதில்லை என்று இருவரும் தீர்மானித்தோம். எழுபதைக் கடந்தவர். செவலைக்குப் பிறகு அவர் வேறு குதிரை வாங்கவே இல்லை. அன்றிரவு தொலைபேசியில் புல்வெளியை மட்டும் வர்ணித்தோம். பகலில் அடைத்து இரவில் திறந்துவிடுகிறார்கள் என்றோம். அப்பா நெடுநேரம் ஒன்றும் சொல்லவில்லை.

“ராத்திரி வெளிய விட்டா, காலையில திரும்பி வருமா?”

“அதுகளே வந்து வாசல்ல நிக்குதுப்பா. வெயில் ஏறினதும் எப்பக் கதவத் திறப்பாங்கன்னு பாத்துக்கிட்டு நிக்குது.”

மீண்டும் மௌனம். தொடர்பு அறுந்துவிட்டதோ என்று ஐயுற்றோம். வெளியே மூன்று குதிரைகளும் இருளில் புல் கடிக்கும் ஓசை சன்னல்வரை கேட்டது.

பிறகு அவர் கேட்டார்: “அந்தக் குதிரைகளுக்கு வேர்க்குதா?”

“வேர்க்குதுப்பா” என்றோம்.