ஹெட்லைட்டுக்குள் நாற்பது மில்லி தண்ணீர்

கொஞ்சம் நீளமான பதிவு. வெளி மார்க்கெட்டில் ஹெட்லைட் வாங்கி காரில் மாட்டியிருப்பவர்கள் மட்டுமாவது பொறுமையாகப் படியுங்கள்.

என்னிடம் பிளஸ் டூ இயற்பியல் படித்த பையன் ஒருவன் நாகர்கோவிலில் வாடகைக் கார் ஓட்டுகிறான். பாதி சவாரி திருவனந்தபுரம் விமான நிலையத்துக்கு. எல்லாம் நடுராத்திரிக்கு மேல்தான். முன்பக்கம் லேசாக இடிபட்டதில் இரண்டு ஹெட்லைட்டும் போய்விட, கம்பெனி சாமான் விலையைக் கேட்டு மிரண்டு, அதில் மூன்றில் ஒரு பங்குக்கு வெளியே வாங்கி மாட்டினான். ஐப்பசி மழை இரண்டு தடவை பெய்தது. அவ்வளவுதான், உள்ளே ஒரே பனிமூட்டம். வலது பக்கத்தில் தண்ணீரே தேங்கி நின்றது. விற்ற கடைக்காரர், “மழைன்னா அப்படித்தான் இருக்கும், வேணும்னா புதுசு வாங்கிக்க” என்று முடித்துவிட்டார்.

“சார், தக்கலை தாண்டி ரப்பர் பால் வெட்டப் போற ஒருத்தர் சைக்கிள்ல வந்தாரு. பக்கத்துல வந்த பிறகுதான் தெரிஞ்சுது. கை இன்னும் நடுங்குது” என்றான். அதைக் கேட்ட பிறகு எனக்கும் சும்மா இருக்க முடியவில்லை. ஈரம் படிந்த லைட் வெளிச்சம் தராமல் இருப்பதோடு நிற்பதில்லை. சாலையில் விழ வேண்டிய ஒளியை நாலாபக்கமும் சிதறடிக்கும். நமக்குச் சாலை இருட்டு, எதிரே வருபவருக்குக் கண் கூச்சம்.

முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். கார் ஹெட்லைட் காற்றுப் புகாத டப்பா இல்லை. பின்பக்கம் சிறிய மூச்சுத் துளைகள் இருக்கும். வளைந்த ரப்பர் குழாயோ, மெல்லிய சவ்வு ஒட்டிய மூடியோ அதன் மேல் இருக்கும். லைட் எரியும்போது உள்ளே காற்று சூடாகி விரிகிறது. 30 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்குப் போனால் பத்தில் ஒரு பங்கு கூடும். ஐந்து லிட்டர் காற்று இருக்கிறது என்றால் ஏறத்தாழ அரை லிட்டர் வெளியே போயாக வேண்டும். அணைத்ததும் அதே அளவு திரும்ப உள்ளே வரும். நான் வருஷா வருஷம் கரும்பலகையில் எழுதிப் போட்ட சார்லஸ் விதிதான், வேறொன்றுமில்லை.

அப்படி வரும் காற்றில் ஈரம் இருப்பதால், மழையில் கண்ணாடி குளிரும்போது லேசாகப் பனி படியும். லைட்டைப் போட்டு கொஞ்ச நேரத்தில் மறைந்துவிட்டால் கவலை வேண்டாம். ஆனால் தேங்கிய தண்ணீர் வேறு கதை. 30 டிகிரியில் ஒரு கனமீட்டர் காற்று அதிகபட்சம் 30 கிராம் நீராவியைத்தான் தாங்கும். ஐந்து லிட்டருக்குக் கணக்குப் போட்டால் 0.15 கிராம், அதாவது மூன்றே சொட்டு. இவனுடைய வலது லைட்டிலிருந்து 20 மில்லி சிரிஞ்சில் இரண்டு தடவை உறிஞ்சி எடுத்தோம். மூன்று சொட்டு எங்கே, நாற்பது மில்லி எங்கே! அது காற்றிலிருந்து வந்த ஈரம் இல்லை, ஓட்டை வழியே வந்த மழைத் தண்ணீர்.

தெரு முனை மெக்கானிக் பம்பரைக் கழற்றி இரண்டு லைட்டையும் இறக்கிக் கொடுத்தார். நல்ல வேலைக்காரர், ஆனால் அவசரக்காரர். “எல்லா ஓட்டையையும் பேஸ்ட் வச்சு அடைச்சிருவோம் சார்” என்றார். தடுத்துவிட்டேன். மூக்கை அடைத்தால் அது வாயால் மூச்சு விடும். மூச்சுத் துளையை அடைத்தால் சூட்டில் கூடுகிற அழுத்தம் பலவீனமான இணைப்பைப் பிளந்துகொண்டு போகும், குளிரும்போது அந்தப் பிளவு வழியாகவே மழைநீரை உறிஞ்சும். அடியில் டிரில் போட்டுத் தண்ணீரை வடிப்பவர்களும் உண்டு. தண்ணீர் வடியும்தான், தூசியும் பூச்சியும் குடியேறிவிடும்.

ஓட்டையைக் கண்டுபிடிக்க பஞ்சர் கடை வழியே போதும். துளைகளை டேப்பால் மூடி, ஒன்றில் மட்டும் ரப்பர் குழாய் செருகி வாயால் மெதுவாக ஊத வேண்டும். கண்ணாடியும் கறுப்பு உடலும் சேரும் இடத்தில் சோப்புத் தண்ணீர் தடவ வேண்டும். வலது லைட்டின் மேல் மூலையில் குமிழ் கிளம்பியது. அங்கே இரண்டு அங்குலத்துக்குப் பசையே வைக்கவில்லை! இடது பக்கத்தில் இணைப்பு நன்றாகவே இருந்தது. பல்புக்குப் பின்னால் வரும் ரப்பர் மூடிதான் ஒரு ஓரம் மடிந்து உட்கார்ந்திருந்தது. சரியாக அழுத்தியதும் தீர்ந்தது. ஒரு பைசா செலவில்லை.

வலதை உலர்த்த ஒரு நாள் ஆனது. பல்பைக் கழற்றி, மூடிகளைத் திறந்து வைத்து, ஹேர் டிரையரில் மிதமான சூடு காட்டினோம். பெயின்ட் உரிக்கும் ஹாட் கன் வேண்டாம், பிளாஸ்டிக் வளைந்துவிடும். உள்ளே துணி விட்டுத் துடைக்கவும் வேண்டாம், ரிஃப்ளெக்டர் மேல் இருக்கும் அலுமினியப் பூச்சு மிக மெல்லியது, துணியோடு வந்துவிடும். சிலிக்கா ஜெல் பொட்டலத்தை நிரந்தரமாக உள்ளே போட்டு வைப்பதும் வீண். சீக்கிரமே ஈரம் குடித்து நிறைந்துவிடும், சூடான பல்பில் போய் ஒட்டிக்கொண்டால் வேறு வம்பு.

அடைப்பதற்கு சிலிக்கான் பசை. வினிகர் வாசம் அடிக்கிற வகையை வாங்காதீர்கள். காயும்போது அதிலிருந்து அசிட்டிக் அமிலம் வெளியேறும், அந்த ஆவி அலுமினியப் பூச்சைக் கெடுக்கும். ‘நியூட்ரல் க்யூர்’ என்று டியூபில் போட்டிருப்பதைக் கேட்டு வாங்குங்கள். இணைப்பைத் துடைத்து, காயவிட்டு, வெளிப்பக்கமாகப் பூசி 24 மணி நேரம் தொடாமல் வைத்தோம். கடைசியாக மூடிகளை மாட்டியது வெயில் அடித்த ஒரு மத்தியானத்தில். மழை நேரத்தில் மூடினால் ஈரக் காற்றையே உள்ளே போட்டு மூடியதாகும். மூச்சுத் துளையில் ஒட்டிய டேப்பை எடுக்க மறக்கக் கூடாது.

மாட்டிய பிறகு ஹோஸ் பைப்பில் பத்து நிமிஷம் தண்ணீர் அடித்துப் பார்த்தோம். ஒரு சொட்டு இறங்கவில்லை. அன்றிரவே மழையில் ஒரு விமான நிலைய சவாரி. ஓரத்தில் கொஞ்சம் பனி படிந்தது, குழித்துறை போவதற்குள் மறைந்துவிட்டது என்று போன் செய்தான்.

முழுதாகச் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். தண்ணீர் நின்ற இடத்தில் வலது ரிஃப்ளெக்டரின் அடிப்பகுதி வெளுத்துவிட்டது. அது திரும்ப வராது. அந்தப் பக்க வெளிச்சம் ஒரு மாற்று கம்மிதான். எஃப்சிக்கு முன்னால் வலதை மட்டும் மாற்றிவிடலாம் என்று பணம் சேர்க்கிறான். இந்தத் தடவை கடையில் காசு கொடுப்பதற்கு முன் லைட்டைக் கையில் வாங்கி, இணைப்பு முழுக்கப் பசை ஓடியிருக்கிறதா, மூச்சுத் துளைக்கு மூடி இருக்கிறதா என்று பார்த்துத்தான் வாங்குவானாம். என்னையும் கூட வரச் சொல்லியிருக்கிறான்.