வாரத்தைத் தள்ளும் கணக்கு

இல்லறம் நடைபெறப் பொருள் வேண்டும். அப்பொருள் நிலைபெறக் கணக்கு வேண்டும். இதனை அறியாத குடும்பத் தலைவரும் இல்லை, தலைவியும் இல்லை. எனினும் நம் இல்லங்களில் கணக்கு எழுதுவோர் மிகச் சிலரே. எழுதும் அச்சிலரும், எழுதியதை முழுமையாகப் படித்துப் பார்க்கின்றார்களா என்பது நம் ஐயம்.

கிழக்கு ஆப்பிரிக்காவிலுள்ள கென்யா நாட்டில், எளியோரின் அன்றாட உணவு மக்காச்சோள மாவைக் கிண்டிச் செய்யும் 'உகாலி' என்னும் களியாகும். அதற்குத் தொட்டுக்கொள்வது ஒருவகைக் கீரை. சுவாகிலி மொழியில் அக்கீரையின் பெயர் 'சுகுமா விக்கி'. 'வாரத்தைத் தள்ளு' என்பதே அதன் பொருள்! இறைச்சி வாங்க வழியில்லாத நாள்களில், கூலி கைக்கு வரும்வரை வாரத்தைத் தள்ளிச் செல்ல உதவும் கீரை என்று மக்களே சூட்டிய பெயர் அது. அங்கே பல வீடுகளில் மின்சாரத்திற்கும் முன்பணம் கட்டவேண்டும். பணம் கட்டியதும் கிடைக்கும் இருபது இலக்க எண்ணை மின்மானியில் அழுத்தினால் விளக்கு எரியும். கட்டிய பணம் தீர்ந்தால் விளக்கும் அணையும்.

இது தொலைதேசத்துச் செய்திதானே என்று எண்ணவேண்டாம். சென்னையிலிருந்து திருப்பதி செல்லும் சாலையில், திருவள்ளூருக்கும் திருத்தணிக்கும் இடையே உள்ளது கனகம்மாசத்திரம். வழிப்போக்கர்க்கு இடமளித்த சத்திரத்தின் பெயரைத் தாங்கிய ஊர். இங்கும் வாரத்தைத் தள்ளுகின்ற குடும்பங்கள் பல. இல்லங்களைச் சந்திக்கச் சென்றபோது, ஒரு சகோதரி தம் கணக்கு நோட்டை நம்மிடம் காட்டினார். கணவர் கட்டட வேலை செய்பவர். பிள்ளைகள் இருவர் அரசுப் பள்ளியில் படிக்கின்றனர். வீடு சொந்த வீடு. அவர்தம் இசைவுடன் அக்கணக்கை இங்கே தருகின்றோம்.

ஒரு வாரத்திற்குப் பால் 150 ரூபாய், காய்கறி 300, மளிகை 550, முட்டையும் மீனும் 250. ஆக, உணவுக்கு 1,250 ரூபாய். அரிசிக்குச் செலவில்லை. தமிழகத்தில் 2011 ஜூன் முதல் நியாயவிலைக் கடையில் அரிசி விலையின்றிக் கிடைக்கின்றது அன்றோ!

இனி, உணவல்லாத செலவுகள். 2025 ஏப்ரலில் சென்னையில் சமையல் எரிவாயு சிலிண்டர் ஒன்றின் விலை 868 ரூபாய் 50 காசு. அஃது ஆறு வாரம் வந்தால் வாரத்திற்கு 145 ரூபாய். மின்சாரத்தில் 2024இல் இரு மாதத்திற்கு முதல் 100 யூனிட் இலவசமாக இருந்தது. 2024 ஜூலைக் கட்டணப்படி 300 யூனிட் எரித்த வீட்டிற்கு 705 ரூபாய் ஆயிற்று. வாரத்திற்கு ஏறத்தாழ 80 ரூபாய். குடிநீர்க் கேனுக்கு 60. இரு கைப்பேசிகளுக்கு 120. ஆக 405 ரூபாய். அதன்பின் ஒரே வரியில், 'வாரத் தவணை 700' என்று எழுதியிருந்தார். மொத்தம் 2,355 ரூபாய்.

ஐந்து நாள் வேலை இருந்தால் கணவர் சனிக்கிழமை மாலை வீட்டிற்குத் தருவது 2,500 ரூபாய். மழைக்காலத்தில் மூன்று நாள்தான் வேலை, வருவது 1,500. எஞ்சிய 855 ரூபாய்க்கு எங்கே போவது? தவணைக்காரர் வாசலில் நிற்பார். அவரைத் திருப்பி அனுப்ப இயலாது. மின்கட்டணம் கட்டாவிடில் இணைப்பு துண்டிக்கப்படும். கைப்பேசி இல்லையேல் வேலைக்கு அழைப்பு வராது. ஆகவே குறைக்கக்கூடியது ஒன்றே ஒன்று: உணவு. அதிலும் யாருடைய உணவு? உழைப்பவர் என்று கணவருக்கும், வளர்பவர் என்று பிள்ளைகளுக்கும் பரிமாறிய பின், தாயின் தட்டில் சோறும் இரசமும் மட்டுமே மிஞ்சுகின்றன. கணக்கு நோட்டில் துண்டு விழவில்லை. தாயின் தட்டில்தான் விழுகின்றது!

இது மிகைக் கூற்று அன்று. 2019–21இல் நடந்த தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழகத்தில் 15 முதல் 49 வயதுவரையுள்ள பெண்களில் நூற்றுக்கு 53 பேர் இரத்தசோகை உடையவர்கள். அரிசி விலையின்றிக் கிடைக்கும் மாநிலத்தில் இந்நிலை ஏன்? அரிசி பசியை ஆற்றும். ஆனால் குருதிக்கு வேண்டிய இரும்புச் சத்து அதில் போதிய அளவு இல்லை. கீரையும் பருப்பும் முட்டையும் மீனும் வேண்டும். வாரம் இடித்தால் முதலில் குறைவன அவையே.

நம் அன்னையாரும் கணக்கு எழுதியவர்தாம். பழைய நாட்காட்டித் தாளின் பின்புறத்தில் பென்சிலால் எழுதுவார். உலையிடும் முன் ஒரு கைப்பிடி அரிசியைத் தனிப்பானையில் எடுத்து வைப்பார். அக்காலத்தில் செலவென்றால் பெரும்பாலும் உணவுதான். இந்தியக் கிராமங்களில் 1999–2000இல் குடும்பச் செலவில் நூற்றுக்கு 59 பங்கு உணவுக்கு ஆயிற்று. 2022–23இல் அது 46 பங்காகக் குறைந்தது. வளர்ச்சிதான், ஐயமில்லை. ஆனால் கைப்பிடி அரிசியை எடுத்து வைப்பதுபோல், இன்று பெருகியுள்ள மின்கட்டணத்திற்கும் தவணைக்கும் எடுத்து வைக்க நாம் பழகவில்லை.

எனவே, சில யோசனைகள். முதலாவதாக, இரு மாதத்திற்கு ஒருமுறை வரும் செலவையும் வாரச் செலவாக்கி, சனிக்கிழமையே தனி உறையில் போட்டு வையுங்கள். மின்மானியை வாரந்தோறும் பாருங்கள். 2022 செப்டம்பரில் வகுத்த கட்டண முறையில், இரு மாதத்தில் 500 யூனிட்டைத் தாண்டினால் 101 முதல் 200 வரையுள்ள யூனிட்டுக்கான சலுகை போய்விடும். ஒரே யூனிட் கூடியதற்கு இருநூறு ரூபாய்க்கு மேல் கட்ட நேரும்.

இரண்டாவதாக, சிறு பாக்கெட்டாக அன்றாடம் வாங்கும் எண்ணெயும் மிளகாய்த்தூளும் விலை மலிவுபோல் தோன்றும். நிறுத்துப் பார்த்தால் விலை கூடுதலே. மூன்று வீட்டார் சேர்ந்து மொத்தமாய் வாங்கிப் பகிர்ந்து கொள்ளலாகாதா? நியாயவிலைக் கடைப் பருப்பை வாங்காமல் விடாதீர்கள். நம் கொல்லை முருங்கையே நமக்கு வாய்த்த 'சுகுமா விக்கி'. காசு கேளாத கீரை அது.

மூன்றாவது, ஆண்மக்களுக்கு. அச்சகோதரியின் நோட்டில் ஒரு வரி இல்லை. கணவர் கூலியாய்ப் பெற்றது எவ்வளவு, வழியில் மதுக்கடையிலும் பெட்டிக்கடையிலும் செலவானது எவ்வளவு என்னும் வரி அது. வீட்டிற்கு வந்து சேராத பணத்தை மனைவி எவ்வாறு எழுதுவார்? அவ்வரியை எழுதவேண்டியவர் கணவரே. சனிக்கிழமை இரவு இருவரும் அருகமர்ந்து எழுதுங்கள். புதிய தவணைக் கடனில் கையொப்பமிடும் முன்பும் அவ்வாறே அமர்ந்து பேசுங்கள்.

எழுதி முடித்தபின், நோட்டை மூடும் முன் ஒரு கேள்வியையும் கேட்டுக்கொள்ளுங்கள்: "இந்த வாரம் அம்மா என்ன சாப்பிட்டார்?" பிள்ளைகளையும் அருகில் வைத்துக்கொண்டு கேளுங்கள். விடை சொல்ல அம்மா தயங்கினால், அடுத்த வாரக் கணக்கின் முதல் வரி அவருடைய உணவாக இருக்கட்டும்.