தோல் பெல்ட்டிலிருந்து ஒரு பேராண்டி!

ஆம்பூர் ஸ்டேஷன் வந்துடுச்சான்னு போர்டைப் பார்க்கத் தேவையில்லை மக்களே... மூக்கே சொல்லிடும்! விடியற்காலை ஏலகிரி எக்ஸ்பிரஸ்ல ஜன்னலைத் திறந்தா பச்சைத்தோல் வாசனைதான் குட்மார்னிங் சொல்லும். பிரியாணி வாசனைக்கு இன்னும் டைம் இருக்கு பாஸ்!

வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, மேல்விஷாரம், ராணிப்பேட்டை... பாலாறு போற வழியெல்லாம் டேனரி. கழிவால ஆறு பாழானதுக்கு 1996-ல் சுப்ரீம் கோர்ட்டே கடுமையா தீர்ப்பு சொன்ன ஏரியா இது. அதே ரயில்ல காட்பாடி, வாலாஜா ரோடு தாண்டிப் போனா அரக்கோணம். முன்னாடி வேலூர் மாவட்டம், 2019-லிருந்து ராணிப்பேட்டை மாவட்டம். ஜங்ஷன், லோகோ ஷெட்னு மட்டுமே தெரிஞ்ச இந்த ஊரோட பையன்தான் 'தெருக்குறல்' அறிவு. நம்மளை மாதிரியே இன்ஜினீயரிங் படிச்ச ஆளு!

2018 ஜனவரி 6, சென்னை கீழ்ப்பாக்கம். பா.ரஞ்சித்தும் இசையமைப்பாளர் டென்மாவும் சேர்த்த 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' முதல் கச்சேரி. கானா, ராப், ராக், பறை எல்லாம் ஒரே மேடையில். அறிவு பரவலா தெரிய ஆரம்பிச்சது அங்கேதான். 2019-ல் ஆஃப்ரோவோட சேர்ந்து 'தெருக்குறல்' ஆல்பம். ராப்னு சொன்னாலும் காது கொடுத்துக் கேட்டா அடியில ஒப்பாரி ஓடும்.

தோல்னதும் ஒரு விஷயம் சொல்லியாகணும். டேனரியில சுண்ணாம்பு, ஆவாரம்பட்டை, குரோமியம்னு தோலுக்கு ஏகப்பட்ட உபசாரம். பறைக்கு ஆவாரம்பட்டையும் குரோமியமும் ஆகாது. பதனிட்டா சத்தம் செத்துடும். முடியை நீக்கிக் காய்ஞ்ச தோலை மரச்சட்டத்துல இழுத்துக் கட்டி, நெருப்புல காட்டினாத்தான் பேசும். ஷூவா கப்பல் ஏறினா கௌரவம், பறையா ஒலிச்சா தீட்டாம். என்ன நியாயமோ!

அறிவுக்கு முதல் வாத்தியார் பாட்டி வள்ளியம்மாள்தான். இலங்கைத் தேயிலைத் தோட்டத்துல உழைச்சுட்டுத் திரும்பி வந்தவங்க. 1964 சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தம் 5.25 லட்சம் பேரை இந்தியாவுக்கு அனுப்பணும்னு முடிவு பண்ணுச்சு. தோட்டத்துல கொழுந்து பறிச்சவங்ககிட்ட யாரும் ஒரு வார்த்தை கேட்கலை. அந்த வலிதான் 2021 மார்ச்சில் வந்த 'எஞ்சாய் எஞ்சாமி'. வீடியோவுல பாட்டியும் இருக்காங்க, பார்த்திருப்பீங்க.

ஆனா பாட்டு ஹிட்டானதும் கூத்து ஆரம்பம். 2021 ஆகஸ்ட்டில் 'ரோலிங் ஸ்டோன் இந்தியா' அட்டையில பாடகி தீ இருந்தாங்க, அறிவு இல்லை. ரஞ்சித் உள்பட பலர் கேள்வி கேட்ட பிறகுதான் அறிவுக்குத் தனியா ஒரு டிஜிட்டல் அட்டை வந்தது. 2022-ல் பாட்டு யார் உழைப்புன்னு அறிவு, சந்தோஷ் நாராயணன், தீ மூணு பேருமே ஆளுக்கொரு விளக்கம் கொடுத்தாங்க. அந்த பஞ்சாயத்துக்குள்ள நான் போகலை. ஆனா எழுதினவரை அட்டையில மறந்தது அநியாயம்தான்.

2024-ல் வந்த ஆல்பத்துக்கு அவர் வெச்ச பேரு, 'வள்ளியம்மா பேராண்டி'. இந்தத் தடவை யாரும் மறக்க முடியாதபடி பாட்டி பேரு தலைப்பிலேயே இருக்கு!